ஒட்டுச் சோடி

இராணுவ முகாமில் செய்திப் பெட்டி பொருத்திய மறுநாளே கண்ணாமுனை உபதபாற்கந்தோர் ரெலிபோனுக்குள் சத்தம் தொடங்கிவிட்டது.

கந்தோர் என்பது வேறொன்றுமில்லை, குலசிங்கத்தின் வீட்டு முன்னறை. அவனுடைய மனைவி சிவயோகம் உபதபாலதிபர். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரை வைக்கிற அலுமாரி, சுவரில் கறுப்பு ரெலிபோன். படலைக்கு வெளியே ஊர்காவற்றுறை வீதி. வீதியோரம் மண்ணுக்குள் ஈய உறை போட்ட கேபிள். அந்தக் கேபிள் குலசிங்கத்தின் பொறுப்பு. கலியாணத்துக்கு முன்னிருந்தே அவன் இந்தத் தீவில் லைன்மன்.

“இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து இதைக் கேளுங்கோ.”

கிணற்றடியில் நின்றவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து றிசீவரைக் காதில் வைத்தான். ஈர விறகு எரியும்போது நுனியில் சீறுமே, அப்படி ஒரு மெல்லிய சீறல். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது மாறியது. தகரத்தில் ஆணியை வைத்து இழுத்ததுபோல் கிறீச்சிட்டது. விட்டு விட்டு இழுத்தது. பிறகு பழையபடி சீறல்.

“என்னப்பா அது?”

“முகாம் பெட்டி.”

“அவங்கடை பெட்டி ஏன் எங்கடை போனுக்கை கத்துது?”

குலசிங்கம் றிசீவரைக் கொளுவினான். காரணம் அவனுக்குத் தெரியும்.

“உப்புக் காத்து,” என்றான்.

“எதுக்கெடுத்தாலும் உப்புக் காத்து. கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த ஒண்டைத்தான் சொல்லுறியள்.”

கேபிளுக்குள் கம்பிகள் சோடி சோடியாகக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியும் தன் துணைக் கம்பியோடு முறுக்குண்டு கிடக்கும். அந்த முறுக்கு இருக்கும்வரைதான் ஒரு சோடியில் போவது அடுத்த சோடிக்குக் கசியாது. தீவில் அப்படி ஒழுங்கான சோடிகள் அதிகம் மிஞ்சவில்லை. ஈய உறையில் ஊசித் துவாரம் விழுந்தால் போதும், உப்புத்தண்ணி உள்ளே போய்க் கம்பியைச் சுற்றிய கடதாசியை ஊற வைத்துவிடும். ஒரு சோடியில் ஒரு கம்பி செத்துப்போகும், மற்றது உயிரோடு இருக்கும். புதுக் கேபிள் கேட்டால் கொழும்பிலிருந்து பதில் வராது. ஆகவே தீவு லைன்மன்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்தச் சோடியில் தப்பியது ஒன்று, அந்தச் சோடியில் தப்பியது ஒன்று, இரண்டையும் எடுத்து ஒரு சோடியாக்கிவிடுவது. ஒட்டுச் சோடி என்று பெயர். மணி அடிக்கும். கதைத்தால் கேட்கும். கொஞ்சம் இரையும். கருவாட்டு விலை கேட்கிறவனுக்கும் செத்தவீடு சொல்கிறவனுக்கும் அது காணும்.

கண்ணாமுனைக் கந்தோர் லைனே ஒட்டுச் சோடிதான். பிறகு ஒரு மாரியில் கேபிளின் பழுதான மூட்டு ஒன்றை மாற்றியபோது செத்த கம்பிகள் இரண்டும் உயிர்த்துவிட்டன. ஓடுகிற லைனை அவிழ்த்துப் பழைய துணையோடு சேர்க்க யார் மினக்கெடுவது? அவை சும்மா கிடந்தன.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில், வீதி முடிகிற இடத்துப் பழைய உப்புக் களஞ்சியத்தில் ஒரு சின்ன முகாம் வந்தது. துறைப் பக்கத்துப் பெரிய முகாமிலிருந்து அங்கே செய்தி அனுப்ப இரண்டு பெட்டிகள் கொழும்பிலிருந்து வந்தன. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மோடம் என்றார்கள். அனுப்ப ஒரு சோடி, வாங்க ஒரு சோடி கேட்டார்கள். குலசிங்கம் மூட்டுக் குழிக்குள் இறங்கித் தேடினான். நல்ல சோடி ஒன்றுதான் அகப்பட்டது. மேலே ஆமிக்காரன் ஒருவன் துவக்கோடு நின்று கெதியாக, கெதியாக என்றான். குலசிங்கம் சும்மா கிடந்த அந்த இரண்டு தனிக் கம்பிகளையும் எடுத்து மற்றச் சோடியாக்கிக் கொடுத்தான். மணி அடித்தது. துவக்குக்காரன் தலையாட்டினான்.

முகாமின் கம்பி கந்தோரின் கம்பியோடு மைல் கணக்காக முறுக்குண்டு கிடந்தது. சத்தம் வராமல் என்ன செய்யும்?

*

சத்தத்துக்குப் பொருள் கண்டுபிடித்தவள் சிவயோகம்.

சின்னக் கிறீச்சல்கள் நாளுக்குப் பல தரம் வரும். அவற்றால் ஒன்றும் நடக்காது. நீண்ட கிறீச்சல் எப்போதாவதுதான் வரும். அது வந்து கொஞ்ச நேரத்தில் முகாமிலிருந்து ஜீப் வெளிக்கிடும். கந்தோரைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் தரம் போன ஜீப், மீன் விற்கிற செல்லாச்சியின் மகனை ஏற்றிக்கொண்டு திரும்பியது. பங்குனி பிறந்தபிறகுதான் விட்டார்கள். அவன் இப்போது சுவரைப் பார்த்தபடி இருக்கிறான். சோற்றைத் தாய் தீத்திவிடுகிறாள். விரல்கள் மடங்குவதில்லை.

இரண்டாம் தரம் நீண்ட கிறீச்சல் கேட்டபோது, முன்பக்கம் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற வல்லிபுரம் முத்திரை வாங்க வந்து நின்றார்.

“அண்ணை, இப்ப ஜீப் போகும், பாருங்கோ.”

“ஏன் பிள்ளை, உனக்குத் தந்தி அடிச்சவங்களோ?”

“போனுக்கை கத்தினது.”

“நான் வெத்திலை போட்டு முடியிறதுக்கிடையிலை வந்துதெண்டால் நீ வெறும் தபால்காரி இல்லை, சாத்திரக்காரி.”

வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. ஜீப் புழுதியை இறைத்துக்கொண்டு போனது. அவர் வெற்றிலையைத் திரும்பவும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

“பிள்ளை,” என்றார் மெல்ல, “இனிக் கத்தினால் எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லு.”

“வீதியைக் கடந்து வந்து சொல்ல ஏலுமே? பாக்கிறவை என்ன நினைப்பினம்?”

“உந்தத் தபால் பையைத் தோய்ச்சுக் கொடியிலை போடு. நான் கடைக்கை இருந்து பாப்பன். உனக்குத் தோய்க்கிற வருத்தம் எண்டு ஊருக்கே தெரியும்.”

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. சிவயோகம் வேலை செய்யும்போது காதை ரெலிபோனில் வைத்திருந்தாள். நீண்ட கிறீச்சல் வந்தால் கன்வஸ் பையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, முற்றத்துக் கொடியில் விரித்தாள். வல்லிபுரம் கடைக்கு முன்னால் வந்து காறித் துப்புவார். பனங்கூடலுக்குள் வேலை செய்கிற இளந்தாரிகள் கள்ளுமுட்டியைக்கூட எடுக்காமல் கரைப்பக்கம் போவார்கள். ஜீப் வரும், சும்மா திரும்பும். சித்திரை, வைகாசி முழுக்க ஒருவரையும் ஏற்றவில்லை.

குலசிங்கத்துக்கு அது நெஞ்சுக்குள் முள்.

“நிப்பாட்டும்,” என்றான் ஒருநாள், சாப்பிடும்போது. “கண்டு பிடிச்சாங்களெண்டால் நான் வேணுமெண்டு செய்த வேலையெண்டுதான் சொல்லுவாங்கள்.”

“வேணுமெண்டே செய்தனீங்கள்?”

“இல்லை.”

“பிறகென்ன?”

“அதை அவங்களுக்குச் சொல்லிப் பாரும். சோடி, முறுக்கு, உப்புத்தண்ணி. கேட்டுக்கொண்டிருப்பாங்களே?”

சிவயோகம் குழம்பை ஊற்றினாள். “சோமு உந்தப் பையைப் பாத்துத்தான் வீட்டை வாறான்,” என்றாள். “உங்களுக்குத் தெரியும்தானே.”

சோமாஸ்கந்தன் அவளுடைய ஒரே தம்பி. துறையில் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவன். போன வருடம் ஒருநாள் சைக்கிளைப் பள்ளிக்கூடத்து மதிலில் சாத்திவிட்டுப் போனவன் வேலைக்குத் திரும்பவில்லை. அவனுடைய பெயரைச் சொல்லித் துறை முகாம்காரர் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். தாயும் தகப்பனும் இல்லை. அக்காவின் சமையலுக்காக எப்போதாவது வருவான்.

குலசிங்கம் அதன்பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

*

சிவயோகத்தின் தகப்பன் செத்தது ஆனிப் பூரணையில். அதனால் வருடத் துவசம் எப்போதும் போயா விடுமுறையில்தான் வரும். கந்தோர் பூட்டு. சிவயோகத்துக்கு அது வசதி.

சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது. முற்றத்து மணல் குசினி வாசல்வரை வந்து படிந்தது. பானையில் பச்சையரிசி கொதித்தது. வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் பின்வேலியில் ஓலை சரசரப்பதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தாள். சோமு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தான். சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது.

“வள்ளக்காரப் பத்திநாதர் கரையிலை இறக்கமாட்டன் எண்டிட்டார்,” என்றான். “இடுப்பளவு தண்ணியிலை தள்ளிவிட்டவர். திரும்ப ஏத்தவும் அங்கைதான் நிப்பாராம். பொழுது சாயிற நேரம்.”

“நயினாதீவிலையிருந்தே?”

“ஓம். அம்மாளாச்சியைக் கும்பிட்டிட்டு வந்தனான். பயப்பிடாதை.”

“கும்பிட்டவன் ஏன்ரா இப்பிடி எலும்பா வந்திருக்கிறாய்? அங்கை அன்னதானம் குடுக்கிறதில்லையே?”

“அக்கா, வாழைக்காயைத் தடிப்பாச் சீவு. பொரியலுக்கு மெல்லிசாச் சீவினால் அது கடதாசி.”

“வந்ததும் வராததுமா நாட்டாமை.”

குலசிங்கம் உள்ளேயிருந்து வந்தான். சோமு சிரித்தான்.

“அத்தான், உங்கடை ஒட்டுச் சோடிக்கு ஒரு கோயில் கட்டவேணும். பை காயுதோ எண்டு பனைக்குப் பின்னாலை நிண்டு பாத்திட்டுத்தான் வந்தனான். வெறுங் கொடி.”

“சத்தம் போடாதை தம்பி,” என்றான் குலசிங்கம். “படைச்ச உடனை சாப்பிட்டிட்டுக் கிளம்பு.”

“அப்பாவுக்குப் படைச்சுப்போட்டு ஓடச் சொல்லுறியள்.”

“உயிரோடை இருந்தால் அடுத்த முறை ஆறுதலா இருந்து சாப்பிடலாம்.”

சிவயோகம் அடுப்பு விறகைத் தள்ளினாள்.

அப்போதுதான் படலையில் வான் வண்டியின் கோண் அடித்தது.

சோமு குசினிக்குள் போனான். குலசிங்கம் வெளியே வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து எஞ்சினியர் சண்முகரத்தினம். வெள்ளைச் சட்டை, கையை முழங்கைவரை மடித்திருந்தார். நல்ல மனுஷன். ஆட்களைக் கத்திப் பேசமாட்டார். குழிக்குள் தானே இறங்குவார்.

“போயா நாளிலை வந்திட்டன் எண்டு குறை நினைக்காதையும், குலசிங்கம். அவைக்குப் போயாவும் இல்லை, ஞாயிறும் இல்லை.”

“என்ன ஐயா பிரச்சினை?”

“சின்ன முகாம் பெட்டிக்கு வாற செய்தி பாதி எழுத்துப் பிழையா அச்சடிக்குதாம். ஒருக்கா ஊர்ப் பேரே மாறிப் போச்சாம்.” அவர் முன்னறைக்குள் வந்தார். “எங்கை, உங்கடை போனைப் பாப்பம்.”

சிவயோகம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எஞ்சினியர் றிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல் கேட்டார். சீறல் அவளுக்கும் கேட்டது.

“எவ்வளவு நாளா இப்பிடி, தங்கச்சி?”

“எப்பவும் கொஞ்சம் இரையும் ஐயா,” என்றாள் அவள். “பழகிப் போச்சு.”

“ஒரு முறைப்பாடும் தரேல்லையே நீங்கள்.”

“இவருக்கு வீணா ஏன் வேலை எண்டு.”

எஞ்சினியர் குலசிங்கத்தைப் பார்த்தார். கோபமில்லை. விளங்கிவிட்டது, அவ்வளவுதான்.

“வாரும், மூட்டுக் குழியைத் திறந்து பாப்பம்.”

“இண்டைக்குத் துவசம் ஐயா. மாமாவின்ரை. நாளைக்கு விடிய வந்து நானே செய்து முடிச்சுப்போடுவன்.”

“மத்தியானத்துக்கு முன்னம் விட்டிடுவன். தங்கச்சி, அவரை ரெண்டு மணித்தியாலத்துக்கு எனக்குத் தாங்கோ.”

“என்ன வேலை ஐயா?” என்றாள் சிவயோகம்.

“சின்னச் சோதனை.”

குலசிங்கம் சாமான் பையை எடுத்தான். எஞ்சினியர் முன்னால் நின்றார்.

“படைக்கிறதைப் பிந்தவிடவேண்டாம்,” என்றான் மனைவியிடம். “எனக்காகப் பாத்திருக்காதையும். வாறவை வந்தாலும் கெதியாச் சாப்பாட்டைக் குடுத்து அனுப்பும்.”

“சரி,” என்றாள்.

அவள் எதைச் சரி என்றாள் என்று வானில் ஏறும்போதும் அவனுக்குத் தெரியவில்லை.

*

மூட்டுக் குழி வீட்டிலிருந்து முகாமுக்குப் போகிற வழியில் பூவரசுக்குக் கீழ் இருந்தது. மூடியைத் தூக்கியதும் நண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடியது. குலசிங்கம் ஈய உறையைச் சூடாக்கித் திறந்தான். மெழுகு மணம். கடதாசி சுற்றிய கம்பிகள் அவியாத இடியப்பம்போல் விறைத்து நின்றன.

எஞ்சினியர் அருகில் குந்தியிருந்து கருவியின் நுனிகளை ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தார்.

“ஒட்டுச் சோடி,” என்றார் கடைசியில்.

“ஓம் ஐயா.”

“ரெண்டும்.”

“ஓம்.”

“கதைக்கிறதுக்குச் சரி. இதுக்குச் சரிவராது, குலசிங்கம். முறுக்கில்லாத சோடியிலை அந்தப் பெட்டி தன்ரை சத்தத்தையே தான் கேக்க ஏலாமல் திண்டாடும். உமக்கு இது தெரியும்தானே?”

“நல்ல சோடி இல்லை ஐயா. மேலை துவக்கோடை நிண்டவங்கள். அவசரம்.”

“விளங்குது.” அவர் குரலைத் தணித்தார். “ஒண்டு சொல்லுறன். அவை இதை நாசவேலை எண்டு கதைக்கத் தொடங்கியிட்டினம். உம்மடை பேரும் வந்தது. மச்சான்காரன் ஒருத்தன் இருக்கிறானாமே. நான்தான் அடிச்சுச் சொன்னனான், அது உப்புத்தண்ணி, அந்த மனுசன் நேர்மையானவன் எண்டு. இண்டைக்குச் சரிவந்தால் அந்தக் கதை முடிஞ்சுது. சரிவராட்டில் நான் ஒண்டும் சொல்ல ஏலாது.”

காற்று பூவரசம் இலைகளைப் பிய்த்துக் குழிக்குள் போட்டது. குலசிங்கம் அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டான். ஒன்று, இன்னொன்று. எஞ்சினியர் காத்திருந்தார்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. கந்தோர்க் கம்பி ஒன்றையும் முகாம் கம்பி ஒன்றையும் இடம் மாற்றினால் போதும். நாலு கம்பியும் தத்தம் பழைய துணையோடு சேர்ந்துவிடும். குலசிங்கம் இரண்டையும் அவிழ்த்தான். அவிழ்த்ததை மாற்றாமல் இருந்த இடத்திலேயே திரும்ப முறுக்கினான். கை தானாகச் செய்தது போலிருந்தது. தானாகச் செய்யவில்லை.

எஞ்சினியர் கருவியை வைத்தார். முள் ஆடியது.

“பழையபடியே போட்டிருக்கிறீர்.”

“கை தவறிப் போச்சு ஐயா.”

“களைச்சுப் போனீர். விரதம் எல்லே. விடும், நான் போடுறன்.”

அவர் குழிக்குள் இறங்கினார். வெள்ளைச் சட்டையில் மெழுகு பட்டது. சுத்தமான வேலைக்காரன். கம்பிகளை மாற்றி முறுக்கினார், கடதாசிக் குழாயை ஒவ்வொன்றுக்கும் மேலாக இழுத்துவிட்டார். பிறகு சோதனைப் போனைக் கந்தோர்ச் சோடியில் கொளுவினார்.

“நான் கதைக்கிறன் ஐயா,” என்றான் குலசிங்கம்.

“பொறும்.” மணி அடிக்க வைத்தார். “தங்கச்சி? எஞ்சினியர் கதைக்கிறன். இப்ப எப்பிடி இருக்கு? இரைச்சல் இருக்கோ?”

குலசிங்கம் அவருடைய முகத்தைப் பார்த்தான். மறுமுனையில் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

“தங்கச்சி? நிக்கிறியளோ? … ஓம். ஓம். இனி எப்பவும் இப்பிடித்தான் இருக்கும். சந்தோசம்.”

அவர் போனைக் கழற்றினார்.

“என்னவாம் ஐயா?”

“கிணத்துக்கை போட்ட கல்லுப்போலை இருக்காம், அவ்வளவு அமைதி. உம்மடை மனிசி கெட்டிக்காரி, குலசிங்கம். இனி எப்பவும் கேளாதோ எண்டு கேட்டவ.”

*

முகாமில் பெட்டி ஒரு மேசையில் இருந்தது. பக்கத்தில் அச்சடிக்கிற மெசின். பெட்டியின் முகத்தில் பச்சை லைற் ஒன்று, சிவப்பு லைற் ஒன்று. எஞ்சினியர் கம்பிகளை இறுக்கினார். பச்சை லைற் நின்று எரிந்தது.

“நான் துறைப் பக்கம் போய் மற்றப் பெட்டியைப் பாக்கிறன். நீர் இஞ்சை நில்லும். பச்சை அணைஞ்சு நூருதோ எண்டு மட்டும் பாரும். நான் அங்கையிருந்து ஒரு வரி அனுப்புவன். அது சரியா அடிச்சால் உமக்கு வேலை முடிஞ்சுது, வீட்டை போய்ச் சாப்பிடும்.”

வான் போனது. குலசிங்கம் நின்றான். கோப்ரல் ஒருவன் கதிரை காட்டினான். குலசிங்கம் இருக்கவில்லை. கோப்ரலுக்கு நாற்பது வயதிருக்கும், வழுக்கை. வெளியே ஒருவன் அடுப்பில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தான். ஒருவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் அசந்து தூங்கினான்.

எஞ்சினியரின் வரி வந்தது. மெசின் சின்னதாய் ஒரு தரம் தட்டிவிட்டு நின்றது. பிழையில்லை. கோப்ரல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

“பாஸ், நல்ல வேலை.”

“அப்ப நான் போட்டு வாறன்.”

“ரீ குடிச்சுப் போங்க.”

ரீ கோப்பை கைக்கு வந்தபோது சிவப்பு லைற் துடிக்கத் தொடங்கியது. மெசின் தட்டியது. நிற்கவில்லை. வரி வரியாகக் கடதாசி ஏறிக்கொண்டிருந்தது. குலசிங்கம் அந்த லைற்றைப் பார்த்தபடி நின்றான். இவ்வளவு நாளும் அதைச் சத்தமாகத்தான் அவனுக்குத் தெரியும். இந்நேரம் வீட்டுப் போன் கிறீச்சிட்டுக் கிழிந்திருக்க வேண்டும். வல்லிபுரம் காறித் துப்பியிருக்க வேண்டும். லைற் ஒரு ஓசையுமில்லாமல் துடித்தது.

கோப்ரல் கடதாசியைக் கிழித்து வாசித்தான். பெயர்களில் ஒரு எழுத்தும் பிழையில்லை போலும். மடித்துப் பையில் வைத்தான். ஒரு சொல்தான் சொன்னான். தூங்கியவன் எழும்பிச் சப்பாத்தை மாட்டினான்.

“பாஸ், வாங்க. ஜீப்பில விடுறம்.”

“இல்லை, நான் நடந்து போவன்.”

“வெயில். வழியிலதானே வீடு.”

தன் வீடு எங்கே என்று குலசிங்கம் சொல்லியிருக்கவில்லை.

ஜீப்பின் பின்னால் இரண்டு துவக்குகளுக்கு நடுவில் இருந்தான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. புழுதி, பூவரசு, மூடிய குழி. பிறகு தன் வேலி. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தான்.

கொடியில் தபால் பை தொங்கியது. தண்ணீர் சொட்டியது.

அவனுடைய நெஞ்சு ஒரு கணம் லேசானது. விளங்கிக்கொண்டாள். அமைதியைக் கேட்டே விளங்கிக்கொண்டாள்.

ஜீப் படலையில் நின்றது. கோப்ரல் இறங்கி நேரே கொடிக்குப் போனான். பையின் மூலையை விரல்களால் பிழிந்தான். மணலில் தண்ணீர் விழுந்தது. மற்றவர்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள்.

சிவயோகம் வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, இண்டைக்குப் போயா. தபால் இல்லை. பை ஏன் ஈரம்?”

“விடுமுறையிலைதான் தோய்க்க நேரம் கிடைக்குது.”

“போன கிழமை ஈரம். அது போயா இல்லை.” அவன் கோபப்படவில்லை. கணக்குப் பார்க்கிறவனைப்போல் சொன்னான். “நாங்க வாற நாளெல்லாம் ஈரம்.”

வீதிக்கு அப்பால் வல்லிபுரத்தின் கடை பூட்டிக் கிடந்தது.

கோப்ரல் சப்பாத்தை வாசலில் கழற்றினான். அதுதான் குலசிங்கத்துக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. உள்ளே தகப்பனின் படம், குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, மோதகம். தொட்ட அடையாளமில்லை. அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இன்னொரு இலை. அதில் சோறு குழைத்தபடி பாதி கிடந்தது. ஓரத்தில் வாழைக்காய்ப் பொரியல், தடிப்பாகச் சீவியது.

“இது யாருக்கு?” படத்து இலையைக் காட்டினான்.

“அப்பாவுக்கு. செத்தவர்.”

“இது?”

குலசிங்கம் வாயைத் திறந்தான். என்னுடையது என்று சொல்ல முடியாது. அவனைக் கொண்டுவந்து இறக்கியதே அவர்கள்.

“என்ரை,” என்றாள் சிவயோகம். “சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். ஜீப் சத்தம் கேட்டு எழும்பினனான்.”

கோப்ரல் அவளுடைய கையைப் பார்த்தான். நனைந்த கை. சோற்றுப் பருக்கை இல்லை. சவர்க்கார மணம்.

“அப்ப சாப்பிடுங்க,” என்றான். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

அவள் இலையின் முன்னால் இருந்தாள். விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. துவச நாளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவளுடைய முறை. தம்பி குழைத்துவிட்டுப் போன சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அது ஆண்பிள்ளைக்குப் போட்ட சோறு, அவளால் சாப்பிட ஏலாத அளவு. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வாழைக்காய்ப் பொரியலையும் கடித்தாள். பின்பக்கம் பனங்கூடலுக்குள் ஓலைகள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய கை இலையில் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த உருண்டையை எடுத்தது. குலசிங்கம் சுவரோடு நின்றான்.

போனவர்கள் திரும்பி வந்து தலையாட்டினார்கள். இல்லை.

சிவயோகம் இலையை வழித்து, மடித்தாள். கோப்ரல் எழும்பினான்.

“பசி கூட, அம்மா,” என்றான்.

வெளியே போய்க் கொடியிலிருந்து பையை எடுத்தான். ஈரத்தோடு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“இது எங்களிட்ட இருக்கட்டும். தேவையெண்டா ரெண்டு பேரும் வந்து கேளுங்க. நாளைக்கு. காலமை.”

சப்பாத்தை ஆறுதலாக மாட்டிக் கயிறு கட்டினான். ஜீப் கிளம்பியது. முகாம் பக்கம் திரும்பவில்லை.

சிவயோகம் வாசலுக்கு ஓடினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் போகுது?”

“கரைப் பக்கம்.”

“பொழுது சாயிற நேரம் எண்டுதானே பத்திநாதர் சொன்னவர். இப்ப மத்தியானம்தான். இந்த வெயிலுக்கை அவன் எங்கை போய் நிப்பான்?”

குலசிங்கம் படலையைச் சாத்திவிட்டு வந்தான்.

“ஏதாவது அனுப்புறாங்களோ எண்டு பாருங்கோ,” என்றாள். “எடுத்துக் கேளுங்கோ.”

“யோகம், அது இனி…”

“எடுத்துக் கேளுங்கோ!”

அவன் றிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். பிறகு அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். உதட்டோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. சோளகம் முற்றத்து மணலை அள்ளி வெறுங்கொடியில் அடித்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

சீறல் இல்லை. கிறீச்சல் இல்லை. அவ்வளவு சுத்தமான லைன் அந்தத் தீவில் அதற்கு முன் இருந்ததில்லை.